ஒரே இழுப்பில் கார்னிஸ்

— அந்தக் கோட்டோட நிறுத்திடுங்க மேஸ்திரி. கோட்டுக்கு அந்தப் பக்கம் மேற்படி நபரோட எல்லை. என் கலவை ஒரு சொட்டு அங்க போகக் கூடாது.

— பெரிய சார், மொதல்ல இந்த மேஸ்திரிங்கிறதை விடுங்க. கார்டு குடுத்தேனே, படிக்கலையா? கட்டட அலங்கார ஆலோசகர்.

— படிச்சேன். ஆலோசகர் கையில கரண்டி எதுக்கு?

— ஆலோசனையும் நானே சொல்லி பூச்சும் நானே பூசிடுவேன். அடுத்தவனை நம்ப முடியாது பாருங்க. அப்புறம், கோட்டோட நிறுத்துறதெல்லாம் நடக்காது. இது பெயின்ட் இல்ல, கார்னிஸ், முகப்பு உச்சியில நீளமா ஓடுற அலங்கார விளிம்பு. இந்தத் தகட்டைப் பாருங்க. வளைவு, படி, பள்ளம் எல்லாம் இதோட ஓரத்துல வெட்டி வெச்சிருக்கு. ஈரக் கலவை மேல இதை வெச்சு அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பா இழுக்கணும். நடுவுல நின்னோம்னா நின்ன இடத்துல தழும்பு விழும்.

— போன தடவை கோட்டோட நிறுத்தினாங்களே.

— அதனாலதானே நான் சாரத்து மேல நிக்கிறேன். உங்க ஆளு உங்க பக்கம் கோடு வரைக்கும் இழுத்தான். சின்ன சாரோட ஆளு அவர் பக்கம் கோடு வரைக்கும் இழுத்தான். ரெண்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஏறி இறங்கி நின்னுச்சு. அந்த இடுக்கு வழியா மழைத் தண்ணி இறங்கி, பாரபட்சம் பார்க்காம ரெண்டு வீட்டுச் சுவரையும் ஊற வெச்சிருக்கு.

— இது சம்பந்தமா என் நிலைப்பாடு ஒண்ணுதான். என் பக்கம் சரியா இருந்துச்சு. பதிவு பண்ணிக்கோங்க.

— ஆலோசகரே, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற பெரிய மனுஷர்கிட்ட சொல்லுங்க, அவர் பக்கம்தான் படி கீழ தொங்குச்சுன்னு. தெருவே பார்த்துச்சு.

— சின்ன சார், அவர் உங்க கூடப் பொறந்த அண்ணன், ஒரே வீட்டை உங்களோட பாதியாப் பிரிச்சுக்கிட்டவர். கை நீட்டினா தொட்டுடலாம். நீங்களே சொல்லுங்களேன்.

— நாங்க பேசிக்கிறதில்ல.

— அது ஊருக்கே கேட்குது சார். அவ்வளவு சத்தமா பேசாம இருக்கீங்க.

— மேஸ்திரி, உங்களை இங்க வரச் சொன்னது நான். அவரோட உங்களுக்கு என்ன பேச்சு?

— அவரும்தான் வரச் சொன்னார். ஒரே வாரத்துல ரெண்டு பேரும் தனித்தனியா ஃபோன் பண்ணினீங்க. ரெண்டு பேரும் கிசுகிசுன்னு, "பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம்"னு சொன்னீங்க. தெருவைப் பார்த்த முகப்புல சாரம் கட்டிச் செய்யற வேலை. பக்கத்து வீட்டுக்குத் தெரியாம எப்படிச் செய்யறது, போர்வை போர்த்திக்கிட்டா?

— சரிதான். அவருக்கு எதுக்கு கார்னிஸ்? முகப்பு முழுக்கப் பளபளன்னு டைல்ஸ் ஒட்டிட்டார். சோப்பும் துண்டும் வெச்சா குளிச்சிட்டே போயிடலாம்.

— கேட்டீங்களா மேஸ்திரி? இந்த வார்த்தையைத்தான் அன்னைக்கு என் வீட்டு விசேஷத்துக்கு வந்தவங்க அத்தனை பேர் முன்னாடியும் சொன்னார். வீட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுட்டாராம் அண்ணன், குளியலறை தெருவுக்கு வந்துடுச்சாம். எல்லாரும் சிரிச்சாங்க. என் சம்பந்தி வீட்டு ஆளுங்க உட்பட.

— அவர் என் சிங்கத்தைச் சொன்னதைச் சொல்லச் சொல்லுங்க.

— சொல்றேன், எனக்கென்ன பயம்? ஜன்னலுக்கு ஜன்னல் ரெண்டு சிங்க முகம். ராஜ பரம்பரைன்னு நினைப்பு. ஒரே மாசத்துல புறா வந்து மூக்கைக் கொத்திடுச்சு. உள்ள பார்த்தா வெள்ளை வெளேர்னு தெர்மகோல். டிவி வந்த பெட்டிக்குள்ள இருக்குமே, அதே சரக்கு.

— ஆக, டைல்ஸுக்கும் தெர்மகோலுக்கும் நடுவுலதான் இத்தனை வருஷம் பேச்சில்லையா? நான் ஏதோ கொலைக் கேஸுன்னு நினைச்சேன்.

— ஆலோசகரே, நீங்க வந்த வேலையைப் பாருங்க. எனக்குச் சாயங்காலத்துக்குள்ள முகப்பு முடிஞ்சாகணும்.

— என்ன சார் அவ்வளவு அவசரம்? கார்னிஸ் எங்கேயும் ஓடிடாது.

— நான்தான் போறேன். சாயங்காலம் ஒருத்தர் வீடு பார்க்க வர்றார். என் பாதியை விக்கிறேன்.

— மேஸ்திரி.

— சொல்லுங்க பெரிய சார்.

— மேற்படி நபர் இப்போ என்ன சொன்னார்?

— உங்க காதுல விழுந்ததைத்தான் சார் சொன்னார்.

— யாருக்கு விக்கிறாராம், கேளுங்க.

— சின்ன சார், யாருக்கு—

— பல் டாக்டருக்கு. ஆஸ்பத்திரி வெக்கப் போறார். முகப்புல ஆளுயரத்துக்கு ஒரு பல்லு வெப்பாராம். உள்ள விளக்குப் போட்டு, ராத்திரியில நீலமா எரியுமாம்.

— நம்ம முகப்புலயா?

— என் பாதி முகப்புல. அவர் பாதியில பல்லு வராது, கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. வெளிச்சம் மட்டும் வரும்.

— இது சம்பந்தமா எனக்கு எந்த முன்னறிவிப்பும் வரல.

— வாயே திறக்காதவருக்கு எந்த வாயால அறிவிக்கறது?

— சார், ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. கலவை போட்டாச்சு. இது வேகமா இறுகுற சரக்கு, உங்க கோபம் மாதிரி ஆற அமரக் காத்துட்டு இருக்காது. இப்போ ஒரு சிக்கல். தகட்டை நான் இழுத்தா முன்னாடி கலவை வீச ஒருத்தர் வேணும், கூடவே தண்ணி தெளிக்க ஒருத்தர் வேணும். வழக்கமா என் மச்சான் வருவான்.

— வரலையா?

— அவனும் நானும் பேசிக்கிறதில்ல.

— சரிதான். எதுக்காம்?

— கார்டுல அவன் பேரைப் போடலைன்னு.

— ஆலோசகருக்கே ஆலோசகர் தேவைப்படுது. குடுங்க, தண்ணி நான் அடிக்கிறேன்.

— அப்போ கலவை நீங்க வீசணும் பெரிய சார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கோங்க.

— நான் ஆபீஸ்ல நூறு பேரை வேலை வாங்கினவன்.

— அந்த நூறு பேர்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க, வருவாங்களான்னு பார்ப்போம். இல்லையா? அப்போ கரண்டியைப் பிடிங்க. நான் இழுக்க ஆரம்பிச்சுட்டேன். வீசுங்க. எனக்கு முன்னாடி வீசுங்க சார், என் மேல இல்ல.

— மேஸ்திரி, இங்க உலர்ந்து போச்சு. மேற்படி நபரைத் தண்ணி அடிக்கச் சொல்லுங்க.

— சின்ன சார், பெரிய சார் தண்ணி அடிக்கச்—

— எங்கன்னு கேளுங்க.

— பெரிய சார், எங்கன்னு—

— என் வலது கைக்கு மேலன்னு சொல்லுங்க.

— சின்ன சார், அவரோட வலது— போச்சு. தகடு மாட்டிக்கிச்சு. பாருங்க, பாருங்க, எலி கடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எல்லாத்தையும் வழிச்சுப் போடணும். ஒரு சட்டி கலவை வீண்.

— மேஸ்திரி, தப்பு உங்க மேலதான். தகவல் தாமதமாப் போய்ச் சேர்ந்துச்சு.

— நான் தபால்காரன் இல்ல சார், கார்னிஸ்காரன். ஐயோ, என் வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்க. இப்போ கேளுங்க. மறுபடி கலவை போடறேன். இந்தத் தடவை மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் இழுக்கப் போறேன், வாயே திறக்க மாட்டேன். உங்களுக்குள்ள எப்படியாவது சமாளிச்சுக்கோங்க. கண்ணாலயோ காலாலயோ. அந்தம்மா ரெண்டு பேரையும் பார்த்துக் கத்துக்கோங்க.

— எந்தம்மா ரெண்டு பேரு மேஸ்திரி?

— உங்க வீட்டம்மாவும் அவர் வீட்டம்மாவும்தான். பின்பக்கம் மதில் ஓரமா நாற்காலி போட்டு உட்கார்ந்து தினம் பேசிக்கிறாங்க. காலையில நான் சாரக் கட்டை எடுக்கப் போனப்போ எனக்கும் டீ குடுத்தாங்க. டம்ளர் அந்தப் பக்கத்துது, டீ இந்தப் பக்கத்துது.

— என் மனைவி என்கிட்ட அப்படி எதுவும் சொல்லல.

— நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. உத்தரவுதான் போட்டிருப்பீங்க. தயாரா? இழுக்கறேன்.

— ...தண்ணி.

— எங்க?

— இங்க. கைக்கு மேல. அதிகமா ஊத்தாத, வழியுது.

— இப்போ?

— ம். முன்னாடி வா. இன்னும் வா. அந்தப் பள்ளத்துல கலவை பத்தல, நான் போடறேன், நீ விலகு.

— அண்ணே, குனி. குனி, மேல கட்டை இருக்கு, தலையில இடிக்கும்.

— எங்கடா?

— வலப்பக்கம். ஆங், அப்படியே வா. உன் வேட்டி சட்டிக்குள்ள போகுது.

— போகட்டும். தண்ணி அடி, தண்ணி அடி, மூலை வந்துடுச்சு. கையை எடுடா, தகடு வருது.

— எடுத்துட்டேன்.

— முடிஞ்சுதா மேஸ்திரி?

— இருங்க. மூச்சு விட்டுக்கறேன். ...முடிஞ்சுது. ஒரே இழுப்பு. நீங்களே பாருங்க, கத்தியால வெண்ணெய் வெட்டின மாதிரி. இவ்வளவு நல்ல கார்னிஸ் நான் இழுத்ததே இல்ல. அதாவது, அடிக்கடி இழுத்ததில்ல.

— பார்க்கப்போனா, இப்போ நடந்தது பேச்சு வார்த்தை இல்ல. வேலை நிமித்தமான உத்தரவு. பதிவு பண்ணிக்கோங்க.

— சரிதான். நானும் பதில் சொல்லல. ஒரு மண்டையைக் காப்பாத்தினேன், அவ்வளவுதான்.

— நல்லது சார். இப்போ அந்தக் கோடு எங்க இருக்குன்னு காட்டுங்க, அதுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு வேலையைப் பிரிச்சுச் சொல்லணும் இல்ல?

— இங்கதானே இருந்துச்சு.

— இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி.

— தள்ளியெல்லாம் இல்ல. என் ஜன்னலுக்கு நேரா.

— உன் ஜன்னல் எங்க, என் சிங்கம் எங்க. கீழ டைல்ஸ் ஓரமும் கலவையில மூடிடுச்சு. தெரியல. விடு.

— சாயங்காலம் பல்லுக்காரன் எத்தனை மணிக்கு வர்றான்?

— என்கிட்டயா கேட்கறீங்க பெரிய சார்?

— உங்ககிட்ட இல்ல மேஸ்திரி. அவன்கிட்ட.

— ...இருட்டுறதுக்கு முன்னாடி வரேன்னார்.

— எதுக்குடா விக்கிற? பணமுடையா?

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

— பின்ன?

— பக்கத்து வீட்டுக்காரன் பேசலைன்னா பரவாயில்லண்ணே. உலகத்துல பாதிப் பேருக்கு அப்படித்தான். நீ காலையில செருமுறது சுவர் வழியா எனக்குக் கேட்குது. ஒரு நாள் அது கேட்கல, அன்னைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடல. போய்க் கதவைத் தட்டவும் முடியல. இதுக்கு எங்கேயாவது தூரமாப் போய், நீ நல்லாத்தான் இருப்பேன்னு நினைச்சுட்டு இருக்கலாம்னு பார்த்தேன்.

— அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு.

— அதை யாரு சொல்லணும்? ஆலோசகரா?

— என்னை இழுக்காதீங்க. நான் கரண்டியைக் கழுவிட்டு இருக்கேன். நான் இங்கேயே இல்ல.

— நீங்க இங்கேயே இருங்க மேஸ்திரி. உள்ள ஒரு வேலை இருக்கு. ஹால் கூரையில ஒரு பூ இருக்குமே, விசிறி மாட்டுற இடத்தைச் சுத்தி.

— பார்த்தேன் பெரிய சார். பழைய வேலை. சுண்ணாம்புல வார்த்தது. பிரிச்சுக்கறப்போ ஹாலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பினீங்க, அது பூவுக்கு நடு வயித்துல போயிருக்கு. உங்க பக்கம் பாதி, அவர் பக்கம் பாதி.

— என் பக்கத்துப் பாதிக்குக் கீழதான் என் கட்டில். மல்லாக்கப் படுத்தா அதுதான் தெரியும். மீதிப் பாதி எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பார்ப்பேன், ஞாபகம் வராது.

— இருக்குண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஈரத்துல ஒரு இதழ் மட்டும் விழுந்துடுச்சு. எடுத்து வெச்சிருக்கேன், ஆனா ரெண்டாப் போச்சு.

— எனக்கு ரெண்டு இதழ் விழுந்துடுச்சு. மேஸ்திரி, சரி பண்ண முடியுமா?

— முடியும், ஆனா முடியாது.

— ஆபீஸ்ல எனக்கு இப்படி எழுதி அனுப்பினவனையெல்லாம் நான் மாத்தல் பண்ணியிருக்கேன்.

— பொறுமையா கேளுங்க சார். கார்னிஸுக்குத் தகட்டை நேரா இழுக்கணும். பூவுக்கு அப்படி இல்ல. நட்ட நடுவுல ஒரு ஆணி அடிச்சு, தகட்டை அதுல கட்டி, வட்டமாச் சுத்தணும். முழுச் சுத்து சுத்தினாத்தான் வட்டம் வட்டமா இருக்கும். அரைச் சுத்துல நிறுத்தினா மறுபடி எலி கடிச்சதுதான்.

— ஆணியை அடிக்க வேண்டியதுதானே.

— எங்க அடிக்கறது? ஆணி அடிக்க வேண்டிய இடத்துலதான் உங்க சுவர் நிக்குது.

— ...டேய்.

— என்னண்ணே.

— கடப்பாரை என் வீட்டுல இருக்கு. அந்தப் பல்லுக்காரனுக்கு ஒரு ஃபோனைப் போட்டு வர வேண்டாம்னு சொல்லிட்டு, உன் பக்கத்துல சுவரை ஒட்டி இருக்கிற சாமானையெல்லாம் நகர்த்து.