மாளுவின் வயிற்றில் கிடைத்த மூன்றாவது பொருள்

பெயர்: ரப்பாயி. தகப்பனார் பெயர்: பொறிஞ்சு. வயது: 61. தொழில்: குக்கர், மிக்ஸி உதிரிபாகக் கடை. விலாசம்: மாதா கோயில் வளைவுக்கு எதிர்வீடு, கோணத்துக்கரை, திருச்சூர் மாவட்டம்.

கடந்த சனிக்கிழமை இதே நிலையத்தில் சாட்சியாக ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். இன்று திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, யாரும் ஆள் விட்டுக் கூப்பிடாமல் நானாகவே வந்து, அதில் விடுபட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். எஸ்.ஐ. சுகதன் சார் கேட்க, ஏட்டு எழுதிக்கொள்கிறார்.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவி கொச்சுத்ரேசியாவுடன் குடியிருக்கிறேன். முப்பத்துநான்கு வருடமாகக் கடை நடத்துகிறேன். குக்கருக்கு கேஸ்கட், வெயிட், கைப்பிடி, மிக்ஸிக்கு பிளேடு, குக்கர் மேல் வைக்கும் புட்டுக்குழாய்க்குச் சில்லு முதலியவை என்னிடம் கிடைக்கும். சில்லு என்பது குழாயின் அடியில் மாவு கொட்டாமலும் ஆவி ஏறும்படியும் போடுகிற ஓட்டைத் தகடு. பழையதைக் கண்ணால் பார்க்காமல் புதியதைக் கொடுப்பதில்லை என்பது என் வழக்கம். சிலர் குக்கர் மூடியைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள், சிலர் சாண் போட்டு அளந்துகொண்டு வருவார்கள். வரும்போது பிடித்திருந்த சாண் பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததில் கலைந்துவிட்டது என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. இந்தக் கோணத்துக்கரையில் எந்த அடுப்பில் எந்த அளவு என்பது எனக்கு மனப்பாடம். அதை நான் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதும் உண்டு. சொல்லாமல் இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

சென்ற திங்கட்கிழமை காலை சுமார் பத்து மணிக்கு என் கடைக்கு மேட்டுவீட்டு ரோசிலி, வயது 55, புட்டுக்குழாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். சில்லு வேண்டும் என்றார். பழையது எங்கே என்று கேட்டதற்கு, "தேஞ்சு போச்சு சேட்டா, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். சில்லு தேய்கிற சாமான் அல்ல, தொலைகிற சாமான். குழாயிலிருந்து புட்டைத் தள்ளும்போது கடைசித் துண்டோடு அதுவும் ஒட்டிக்கொண்டு தட்டில் விழும். சாப்பிட்டு மீந்த துண்டைக் கழுநீர் வாளியில் போடுகிறவர்கள் சில்லையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். இது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன் பின்னர் ரோசிலி ஆறு சில்லுகளை ஒவ்வொன்றாகக் குழாயின் மேல்வாயில் போட்டுப் பார்த்தார். பெரியது நடுவில் சிக்கும், சிறியது அடிக்கழுத்து வழியாக வெளியே வந்துவிடும். சரியானது ணங்கென்று ஒரு சத்தத்தோடு அடியில் உட்காரும். நாலாவது உட்கார்ந்தது. இருந்தாலும் மீதி இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகுதான் நாலாவதை எடுத்தார். அதிலேயே இரண்டு கேட்டார். எதற்கு இரண்டு என்றேன்.

"ஒண்ணு தோஹாவுக்கு. ஜிஸ்மிக்கு அடுத்த மாசம் இருபதாம் தேதி பிரசவம். புட்டுன்னா உசுரு அவளுக்கு. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிப்பு மட்டும் பாக்கி சேட்டா, அது முடிஞ்சா விசா ஒரு வாரம்."

ஜிஸ்மி அவருடைய ஒரே மகள், அங்கே நர்ஸாக இருக்கிறாள். மருமகன் கப்பலில் வேலை என்பதால் பிரசவ நேரத்தில் கூட இருக்க வேறு ஆள் கிடையாது.

அதன் பின்னர் புதன்கிழமை முதல் எங்கள் சந்தில் கார்த்தியாயனியின் பசு தீனி எடுக்கவில்லை. கார்த்தியாயனிக்கு வயது 49, பால் கறந்து விற்றுப் பிழைக்கிறார். ஒரே பசு, பெயர் மாளு, ஏழு மாதச் சினை. அவர் வீட்டு மதிலோரம் ஒரு கழுநீர் வாளி உண்டு. சந்தில் உள்ள எல்லா வீட்டாரும் அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, மீந்த சோறு எல்லாவற்றையும் அதில் கொட்டுவார்கள். மூன்று மாதம் முன்பு கார்த்தியாயனியின் பலாமரத்துக் கிளையை ரோசிலி வெட்டிவிட்டதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் ரோசிலி கழுநீரை நிறுத்தவில்லை. சண்டை கார்த்தியாயனியோடு, மாட்டோடு அல்ல என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை கால்நடை மருத்துவர் லிஷா வந்து, உலோகம் இருக்கும் இடம் காட்டும் கருவியை மாட்டின் நெஞ்சருகே வைத்தார். கருவி கீச்சிட்டது. உடனே அறுக்க வேண்டும் என்றார். கார்த்தியாயனி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார், அழவில்லை. டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, மாடு நின்றபடியே இடப்பக்கம் அறுத்து, தோள்வரை கையை விட்டு மூன்று பொருட்களை எடுத்து அலுமினியப் பேசினில் போட்டார். முதலாவது, குக்கர் வெயிட் ஒன்று. இரண்டாவது, குமிழ் வைத்த அலுமினியச் சில்லு ஒன்று. மூன்றாவது, எவர்சில்வர் சில்லு ஒன்று. முதல் இரண்டும் சும்மா கிடந்தவை என்றும், மூன்றாவதன் விளிம்புதான் இரைப்பைச் சுவரில் குத்தி நின்றது என்றும் டாக்டர் சொன்னார்.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இதயத்துக்குப் போயிருக்கும். தாயும் இல்ல, கன்னும் இல்ல."

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கார்த்தியாயனி பேசினோடு கடைக்கு வந்து, சமீபத்தில் சில்லு வாங்கியது யார் என்று கேட்டார். நான் பேசினுக்குள் பார்க்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. "திங்கக்கிழமை ரோசிலி வாங்கினா. ஒண்ணில்ல, ரெண்டு" என்றேன். என் ஞாபகசக்தியை நானே மெச்சிக்கொண்டு சொன்னேன். கார்த்தியாயனி அங்கிருந்து இந்த நிலையத்துக்கு வந்து, பலாக்கிளைப் பகையில் ரோசிலி வேண்டுமென்றே இரும்பைக் கழுநீரில் போட்டதாகப் புகார் எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் ரோசிலி வீட்டு வாசலில் நின்று சொன்ன வார்த்தைகளை நான் இங்கே சொல்லவில்லை, ஏட்டுக்கும் எழுதப் பிடிக்காது. புகார் தீராமல் 'வழக்கு ஏதுமில்லை' என்று பாஸ்போர்ட்டுக்கு எழுத முடியாது என எஸ்.ஐ. சார் ரோசிலியிடம் சொல்லிவிட்டதை அன்று மாலை கேள்விப்பட்டேன்.

அதன் பின்னர் சனிக்கிழமை காலை, எடுத்த பொருட்களை அடையாளம் காட்ட என்னை அழைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தேன். மூன்றும் மேஜைமேல் காகிதத்தில் இருந்தன. வெயிட்டைக் கையில் எடுத்ததுமே ஐந்து லிட்டர் குக்கருக்குரியது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வாரியர் மாஷ் வீட்டுடையது என்று சொன்னேன். மே மாதம் மாஷ் புது வெயிட் வாங்க வந்தபோது, பழையதைக் காக்கை கொத்திக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லியிருந்தார். மாஷை வரவழைத்தார்கள். அவர் வெயிட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"காக்காதான் மாட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கணும்" என்றார்.

"மாஷே, முப்பது வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தது இதைத்தானா?" என்று எஸ்.ஐ. சார் கேட்டார். மாஷ் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பின்னர் ரோசிலியை அவருடைய குழாயோடு வரச் சொன்னார்கள். வந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடாதவர் மாதிரி இருந்தார். குமிழ் வைத்த சில்லைப் போட்டதும் ணங்கென்று உட்கார்ந்தது. தன்னுடையதுதான், பத்து நாளுக்கு முன் தொலைந்தது, தேய்ந்துபோனது என்று என்னிடம் சொன்னது பொய் என்று அவர் அப்போதே ஒப்புக்கொண்டார். அடுத்து எவர்சில்வர் சில்லைப் போட்டார்கள். அது எங்கும் நிற்காமல் அடிவழியாக வந்து எஸ்.ஐ. சாரின் டீயில் விழுந்தது. ஏட்டு அதை ஸ்பூனால் எடுத்துத் துடைத்து மறுபடி காகிதத்தில் வைத்தார். அது ரோசிலி வீட்டுச் சில்லு அல்ல என்பது அத்தோடு தெளிவானது.

"அப்ப இது யார் வீட்டுது? கரையில உள்ள குழாயெல்லாம் மனப்பாடம்னு சொல்றீங்களே ரப்பாயி சேட்டா" என்று எஸ்.ஐ. சார் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஏட்டு எழுதினார். உரியவர் யார் என்று தெரியும்வரை புகாரை முடிக்க இயலாது, ரோசிலியே வேறு யாரிடமாவது அந்தச் சில்லை வாங்கிப் போட்டிருக்கலாம் அல்லவா என்று கார்த்தியாயனி கேட்கிறார் என்றார் சார். ரோசிலி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அது போன வருடத்துக் காலண்டர்.

இனி விடுபட்டது.

எங்கள் வீட்டுக் குழாய் என் கல்யாணத்தின்போது மாமனார் வீட்டிலிருந்து வந்தது. கழுத்து குறுகலான பழைய அச்சு. அந்த அளவுச் சில்லு இப்போது வருவதில்லை. ஊருக்கெல்லாம் பொருத்தமானதைத் தேடிக் கொடுக்கிற நான், வீட்டுக்கு மட்டும் கடையில் தங்கிப்போன ஒரு நடுத்தர அளவுச் சில்லை எடுத்து, சுற்றிலும் அரத்தால் ராவிச் சிறியதாக்கிக் கொடுத்தேன். விளிம்பை மழுக்கவில்லை. அன்று கேஸ்கட் மூட்டை வந்திருந்த அவசரம். மனைவி முதல் நாளே சொன்னாள்.

"தே மனுஷா, இது கையைக் கிழிக்குது. ஒரு தடவை கல்லுல தேச்சுக் குடுங்க."

பழகினால் சரியாகிவிடும் என்றேன். எதற்குப் பழகினால், யாருக்குச் சரியாகும் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, அதாவது ரோசிலி கடைக்கு வந்ததற்கு முந்தின நாள், திருப்பலிக்கு நேரமாகிவிட்டதென்று சாப்பிட்ட தட்டை வாளியில் கவிழ்த்தது நான். மனைவி அல்ல. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புட்டு அவிக்கவில்லை, தோசைதான். சில்லு எங்கே என்று மனைவி கேட்டபோது பார்க்கலாம் என்றேன். ஆகையால் சனிக்கிழமை அந்தச் சில்லு காகிதத்தில் இருந்ததைப் பார்த்த கணமே, என் அரம் பட்ட கோடுகளை வைத்து, அது எங்கள் வீட்டுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில் இருந்து மற்றவர் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசிப் பேசிப் பெயர் வாங்கியவன், ராவின சில்லை வீட்டுக்குக் கொடுத்தான் என்று ஊர் சிரிக்குமே என்று வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ரோசிலி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். சேலையை மாற்றிக்கொண்டு குழாயைப் பையில் எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இருவரும் வந்தோம். இன்று எஸ்.ஐ. சார் முன்னிலையில் என் மனைவி மேற்படி மூன்றாவது பொருளை எங்கள் குழாயில் போட்டாள். உட்கார்ந்தது. கார்த்தியாயனியும் வரவழைக்கப்பட்டு, நான் ராவின கதையைக் கேட்டு, அதைப் பார்த்தார். மாடு இன்று காலை ஒரு கைப்பிடி புல் எடுத்ததாகச் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஏட்டைப் பார்த்தபடி, "அவ வாசல்ல நின்னு நான் பேசினது எல்லாம் பேசினதுதானே. அதை எந்த அரம் வெச்சு ராவுறது?" என்றார். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். பின்னர் ரோசிலி வீட்டுப் பக்கமாக நடந்தார். உள்ளே போனாரா என்று எனக்குத் தெரியாது. இது உண்மையாகவே தெரியாது.

மாட்டுக்கு ஏற்பட்ட கேட்டுக்கு நானே பொறுப்பு. புண் ஆறும்வரை மருந்தும் தீவனமும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், என்ன வழக்கு வந்தாலும் என் பெயரில் வரட்டும். என் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் ரோசிலியின் பாஸ்போர்ட் காகிதத்தில் கையெழுத்துப் போடும்படி எஸ்.ஐ. சாரைக் கேட்டுக்கொண்டேன். போட்டார். நான் பார்த்தேன்.

எழுதியதை ஏட்டு படித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. இன்று சொன்னது முழுவதும் உண்மை. சனிக்கிழமை சொன்னதும் 'எனக்குத் தெரியாது' என்ற இரண்டு சொல் நீங்கலாக உண்மை.

(ஒப்பம்) பொ. ரப்பாயி

உடன் வந்தவர், படித்துக் காட்டும்போது இரண்டு இடத்தில் திருத்தியவர்: (ஒப்பம்) கொச்சுத்ரேசியா