நான்காவது குழாய்

எனக்கு ரத்தம் எடுக்க நன்றாக வரும். ஊசி ஏறியதே தெரியவில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். அண்ணியும் அப்படித்தான் சொன்னார்.

உயிர்காக்கும் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று மட்டும்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளிகள், தேய்த்தால் தடித்துக்கொள்ளும். பிள்ளைகள் 'புள்ளி டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தசமம் சொல்லித்தருகிறவளுக்குப் பொருத்தமான பேர்தானே என்று அவரே சிரிப்பார். அது மாஸ்ட் செல் நோய் என்று கண்டுபிடித்தவன் நான். ஒவ்வாமையைக் கிளப்பும் அந்தச் செல்கள் உடம்பில் அளவுக்கு மீறிப் பெருகிவிடும். ஏதாவது தூண்டிவிட்டால் எல்லாம் ஒன்றாக வெடிக்கும், ரத்த அழுத்தம் சரியும். தினமும் மாத்திரை கொடுத்து ஆறு வருடம் அவரை நல்லபடியாக வைத்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் ஆராய்ச்சியும் அதே நோயில்தான். இந்தச் செல்கள் ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தையும் வெளியிடுகின்றன. புதுக் குழாய்களை வளர்ப்பது அதன் வேலை; இருக்கிற குழாய்களைக் கசியவும் வைக்கும். அழுத்தம் சரிவதற்கு முன்பே அது ஏறுகிறது என்பது என் கணிப்பு. அது சரியென்றால், ஆபத்து வருவதை ஒரு ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் என்னிடம் இருந்ததெல்லாம் நோயாளிகள் சும்மா இருக்கும்போது எடுத்த ரத்தம். வெடிக்கும் நேரத்து ரத்தம் ஒரு துளி இல்லை.

அண்ணியிடம் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். ரிப்போர்ட் சுத்தமாக வரும் என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார். ரத்தம் எடுப்பதற்கு மட்டும் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு என் ஆய்வகத்துக்கு வந்தார். முதல் சோதனைக் குழாயில் ரத்தத்தை நிரப்பிவிட்டு ஒரு வலி மாத்திரை கொடுத்தேன். சிறுவயதில் ஒருமுறை அதை விழுங்கி முகம் வீங்கி மயங்கியதாக அவரே என்னிடம் சொல்லியிருந்தார். கோப்பில் சிவப்பு மையில் குறித்து வைத்தவனும் நான்தான்.

"இது என்ன மாத்திரை தம்பி?"

"ரத்தம் நல்லா வர்றதுக்கு அண்ணி."

இரண்டாவது குழாய் வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவதை எடுக்கும்போது கழுத்து சிவந்தது. செவிலியரை ஐஸ் கொண்டுவரப் பின்கட்டடத்துக்கு அனுப்பினேன். ஐஸ் அடுத்த அறையிலேயே இருந்தது.

அந்த உயிர்காக்கும் ஊசி, அட்ரினலின், என் கோட்டுப் பையில் தயாராக இருந்தது. அவரைக் கைவிடும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இல்லை. நான்காவது குழாய் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மருந்து போட்டுவிட்டால் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவை நம்ப முடியாது. அழுத்தம் சரிகிற வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, மூச்சு முட்டுது" என்றார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணி" என்றேன்.

அவர் தாமாகவே கையை நீட்டினார். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நரம்பு உள்வாங்கிவிட்டது. ரத்தம் எடுக்க நன்றாக வரும் கை; அன்று நான்கு முறை குத்தினேன். குழாய் நிரம்பிய பிறகுதான் மருந்தைப் போட்டேன். நாடி ஒருமுறை திரும்பி வந்தது. பிறகு வரவில்லை.

கழுத்து சிவந்ததிலிருந்து பதினோரு நிமிடம். பதிவேட்டில் 'உடனே' என்று எழுதியிருக்கிறது. அது என் கையெழுத்து.

அண்ணன் பேருந்து ஓட்டுகிறவர். சீருடையோடு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசியில நீ பக்கத்துல இருந்தியே, அது போதும்டா" என்றார். அந்தக் கையால் எடுத்த சோறு இரண்டு மாதமாக இறங்கவில்லை.

அப்போதும் நான் வரவில்லை. இன்று காலை அண்ணன் மகள் வந்தாள், கல்லூரியில் படிக்கிறவள். முழங்கையில் புள்ளிகள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. வேறு டாக்டர் எதற்கு, சித்தப்பாவிடமே காட்டு என்று அண்ணன் அனுப்பியிருக்கிறார். "அம்மாவுக்குப் பார்த்த மாதிரியே எனக்கும் பாருங்க சித்தப்பா" என்றாள். புள்ளிகளைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் அவளுடைய நரம்பைத் தேடியது. அவளை வேறு மருத்துவரிடம் அனுப்பிவிட்டு நேரே இங்கே வந்தேன்.

ஆக, தெரிந்தே மாத்திரையைக் கொடுத்தேன். தெரிந்தே மருந்தைத் தாமதித்தேன். அண்ணியைக் கொன்றது நோய் அல்ல, நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

என் கணிப்பு சரிதான். நான்காவது குழாயில் அந்தப் புரதத்தின் அளவு முதல் குழாயில் இருந்ததைப் போல் மூன்று மடங்கு. ஆய்வகத்துக்குப் பூட்டுப் போடும்போது உறைபெட்டியின் மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதில் அண்ணியின் ரத்தம் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. அதையும் வீணாக்கினால், அண்ணிக்குச் செய்கிற துரோகமாகிவிடும்.