டியூசனுக்குப் போன மனுசன்

ஹலோ... ஓம், லீலாதேவிதான்... ஆர், இவரே? என்னப்பா, எங்க நிக்கிறியள்? தங்கச்சி பத்மாவைப் பாக்க மாப்பிளை வீட்டார் வந்து ஹோலுக்குள்ள இருக்கினம். அத்தான் எங்க, அத்தான் எங்க எண்டு கேட்டபடி...

...பொலிஸிலயோ?

...ம்... ம்... மெல்லமாச் சொல்லுங்கோ... வின்சன்டும் நிக்கிறாரோ?... மற்ற ரெண்டு பேரும்?...

ஒண்டுமில்லை மாமி, இவர்தான். வழியில சுணங்கிப்போச்சாம். நீங்கள் வடையை எடுங்கோ.

...சொல்லுங்கோ... ஓம், குண்டசாலையில வின்சன்ட் வீட்டில... பக்கத்து வீட்டுக்காரர் என்னத்தைக் கேட்டிட்டுப் பொலிஸுக்குச் சொன்னவராம்?... "விடியமுன்னம் கோட்டையை உடைப்பம்" எண்டோ? கடவுளே. குண்டு வெடிச்ச ஊரில, ஜன்னலைத் திறந்து வச்சுக்கொண்டே கத்தினியள்? நாப்பத்திமூண்டு வயசு, பாங்க் மனேஜர், தாயம் உருட்டிக்கொண்டு...

...ஓம், ஓம், அது தாயக்கட்டை இல்லை. இருபது பக்கமுள்ள கட்டை. தெரியும். இப்ப அதுவோ முக்கியம்?

...ஓம், கொஞ்சம் முந்தி ஒருத்தர் எடுத்தவர்தான். ஞாயிற்றுக்கிழமையில ஐயா எங்க போறவர் எண்டு கேட்டார். பொலிஸ் எண்டு சொல்லேல்லையே. பாங்க் ஆள் எண்டு நினைச்சு, டியூசன் குடுக்கப் போறவர் எண்டு சொன்னன்... பின்ன? ஊருக்கெல்லாம் அதைத்தானே சொல்லி வச்சிருக்கு. வளந்த மனுசன் மேசையைச் சுத்தியிருந்து, தான் ஆரோ எண்டு கதைச்சு விளையாடுறார் எண்டு சொல்லவோ?

...நீங்கள் விளையாட்டு எண்டே சொன்னனீங்கள்?... அப்ப நான் ஒண்டு, நீங்கள் ஒண்டு... ஐயோ.

...இப்பவோ? பொலிஸ்காரரிட்ட நானோ உண்மையைச் சொல்லவேணும்? இவ்வளவு பேருக்கு முன்னாலயோ? போன் வயர் குசினி மட்டும் வராதப்பா... பத்மாவுக்கும் வயசு போகுது. இது ஒண்டுதான் சரிவாறமாதிரி இருந்தது. விசர்க் குடும்பம் எண்டு எழும்பிப் போயிடுவினம்...

...கொழும்புக்குக் கொண்டுபோகப் போகினமோ? விடியவோ?...

...சரி. அழாதையுங்கோ. குடுங்கோ அவரிட்ட.

ஹலோ, சேர்... ஓம், மனுசிதான்... றவூப் சார்ஜனோ, அப்ப முந்திக் கதைச்சது நீங்கள்தானே... இல்லை சேர், டியூசன் எண்டது பொய். வெக்கத்தில சொன்னனான்... ஓம், விளையாட்டுத்தான். சின்னப்பிள்ளையள் கள்ளன் பொலிஸ் விளையாடுறேல்லையே, அதைப்போல... ஓம் சேர், இவ்வளவு வயசு வந்த ஆம்பிளையள்தான்...

மாமி, இருங்கோ, ரெண்டு நிமிசம். பத்மா, நீ உள்ள போ.

...எனக்கோ? எல்லாம் தெரியும் சேர். வந்து சாப்பிட்டுக்கொண்டு முழுக்கச் சொல்லுவார், நானும் இருந்து கேப்பன்... ஓம், எனக்கும் விருப்பம்தான், கேக்க...

...விளையாட்டில வின்சன்ட் மந்திரவாதி. மற்ற ரெண்டு பேரும் போர்வீரர்... இவரோ? இவர் அப்பிடி ஒண்டும் இல்லை சேர். இவர் தோணிக்காரன். வாள் கத்தி ஒண்டும் வச்சிருக்கமாட்டார். இருட்டினாப்பிறகு ஆத்தங்கரையில தோணியோட நிப்பார். பயந்து ஓடிவாற ஆக்களை, பேர் கேக்காமல், ஐடென்டிக்காட் பாக்காமல், அக்கரையில கொண்டுபோய் விடுவார். அவ்வளவுதான். ஒருத்தரையும் காட்டிக்குடுக்கமாட்டார், அடிச்சாலும்...

...ஓம், நிக்கிறன் சேர்...

...எந்த ஆறோ? அப்பிடி ஒரு ஆறு இல்லை... இல்லை, மகாவலி எண்டு நான் சொல்லேல்ல... எத்தினை பேரையோ? சேர், ஆக்களே இல்லை. தோணியும் இல்லை. எல்லாம் வாயாலதான்...

மாமி, செருப்பைப் போடாதையுங்கோ, தேத்தண்ணி ஊத்தியாச்சு...

...இல்லை, இல்லை, உங்களுக்கில்லை சேர்... என்ன, எழுதுறியளோ? அதை எழுதாதையுங்கோ. நான் அவரை வீட்ட விடுவியள் எண்டுதானே சொன்னனான்... சேர், முதல் சொன்னதையே எழுதுங்கோ. டியூசன்தான். டியூசன் எண்டே எழுதுங்கோ...

...ஹலோ.

...ஹலோ, சேர்.