மினதிக்குக் கொடுத்த புடவை

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, பெரியபாபு. குறையாகச் சொல்லவில்லை. மழை முடிந்து பனி தொடங்குகிற இந்தச் சமயத்தில் தொண்டைக்கு நல்லதுதான். என்னை லாக்கப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைக்காமல் உங்கள் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டதற்கும் நன்றி. படித்தவர்கள் பேசிக்கொள்வதற்கு ஒரு முறை இருக்கிறது.

கிளப்புக்கு வந்த அந்தப் பார்சல்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். சுபிமல் தர் என்று முழுப் பெயரும் தெளிவாக இருக்கும். கிறுக்கிவிட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இந்தப் பேட்டையின் துர்கா பூஜைக் கமிட்டிக்கு நான் செயலாளர். பூஜை நெருங்கினால் விளக்கு, ஜரிகை, பந்தல் துணி என்று கிளப்புக்குத் தினமும் பார்சல் வரும். அவற்றோடு இவையும் வந்தன.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த கப்பல் சரக்குக் கம்பெனி போன வருஷம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இது என் மனைவி ரேபாவுக்குத் தெரியாது. தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பி, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்புவேன். உண்மையாகவே களைப்பாக இருக்கும். சேமிப்பிலிருந்து எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொண்டேன். மற்ற மாதங்களை ஓட்டிவிடலாம். விலை கூடின இலிஷ் மீன் வாங்கும் இடத்தில் மலிவான ருயி வாங்கிவிட்டு, டாக்டர் கொழுப்பு கூடாது என்றார் என்று சொல்லிக்கொள்ளலாம். பூஜையை அப்படி ஓட்ட முடியாது. எல்லாருக்கும் புதுத்துணி கொடுக்க வேண்டும், கொடுத்ததை எல்லாரும் தடவிப் பார்ப்பார்கள்.

"என்ன, இந்த வருஷம் எங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று ரேபா கேட்டாள். "போன வருஷம் அவ குடுத்தத இன்னும் கட்டிட்டிருக்கேன். உங்க கை என்ன, ஆமை மாதிரி ஓட்டுக்குள்ள போயிடுச்சா?"

அதே சமயத்தில்தான் மாஸ்டர்மஷாய்க்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. பவதோஷ் லாஹிரி. கல்லூரியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மனைவி இல்லை, ஒரே மகன் புப்பாய் கனடாவில். பகலில் பார்த்துக்கொள்ள மினதி நஸ்கர் என்ற ஆயா, கேனிங் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வருகிறவள். சமைப்பாள், வேளை தவறாமல் கண்ணில் சொட்டு மருந்து விடுவாள். படிக்கத் தெரியாது. ஆகவே மாஸ்டர்மஷாயின் போனில் வருகிற செய்திகளைப் படித்துச் சொல்ல நான் போவேன். எனக்குத்தான் பொழுது இருந்ததே.

திருடு போன கார்டு என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து வாங்கி வரச் சொல்லி அவரே அதை என் கையில் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுக்க மறந்தேன், அவர் கேட்க மறந்தார். அது என் பர்ஸில் இருந்தது. வேலை முடிந்ததும் என் கையாலேயே அவர் மேஜை டிராயரில் கொண்டுபோய் வைத்தேன். திருடன் அப்படிச் செய்வானா?

துணிகளை வாங்கியதும் ஒளிந்துகொண்டு இல்லை. அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து என் போனில் வாங்கினேன். அவர் போன் கிணுகிணுத்தது.

"என்ன சுபிமல் அது?"

"லோன் வேணுமான்னு கேக்கறான் மாஸ்டர்மஷாய்."

"நான் செத்தப்புறம் கட்டச் சொல்லுவான் போல. அழிச்சிடுப்பா."

வந்த எண்ணை என் போனில் போட்டுவிட்டு அழித்தேன். அவர் சொல்லித்தான் அழித்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரேபாவுக்கு ஒரு டஸ்ஸர் பட்டுப் புடவை, அவள் அக்காவுக்கு ஒன்று. இரண்டு எடுத்தால் மூன்றாவது இலவசம் என்று போட்டிருந்தான். அந்த மூன்றாவதை மினதிக்கு வைத்தேன். மைத்துனருக்குச் சட்டை. மாஸ்டர்மஷாய்க்கு நல்ல கதர்ப்பட்டில் ஒரு பஞ்சாபி ஜிப்பா. குருவுக்குக் கொடுக்காமல் நான் எப்படிப் பூஜை கொண்டாடுவது? அவர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எதுக்குப்பா உனக்கு இந்தச் செலவு? ரேபா திட்டப் போறா."

"செலவே இல்ல மாஸ்டர்மஷாய்" என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

மினதி புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். அண்ணன் முறைக்கு என்னைத் தாதா என்பாள், ரேபாவை பௌதி என்பாள். "தாதா, இது பௌதிக்கு வாங்கினதா இருக்கும். மாத்திக் குடுத்துட்டீங்க பாருங்க."

"உனக்குத்தான். கட்டிக்க."

"இந்த வீட்டு மவன் கனடாவுலேர்ந்து எனக்கு அனுப்புனது ஒரே ஒரு சாக்லெட்டு தாதா. அதுவும் வழியிலயே உருகிப்போச்சு" என்று சிரித்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அன்று எனக்கு மனது நிறைந்திருந்தது. கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, பெரியபாபு.

வங்கிக் கணக்கு விவரம் மகனுக்கும் மின்னஞ்சலில் போகும் என்பது எனக்குத் தெரியாது. அவன் போன் செய்தான். மாஸ்டர்மஷாய்க்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, உங்க கார்டுல புடவை புடவையா வாங்கியிருக்கு. யாருக்குப்பா?"

"எனக்கு இந்த வயசுல யாருடா இருக்கா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

பாவம் மாஸ்டர்மஷாய், அவமானத்தில் முகம் சிவந்துபோய் இதை விசாரிக்கும் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மாஸ்டர்மஷாயைப் பேச வைத்தேன். வங்கிப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"ஓடிபி போட்டுத்தான் வாங்கியிருக்காங்க சார். அது உங்க போனுக்குத்தான் வந்திருக்கு. யாருக்காவது சொன்னீங்களா?"

"நான் கணக்கு வாத்தியார்மா. நம்பரை வெளியில விடற ஆள் இல்ல."

"அப்போ அது உங்க கவனக்குறைவு சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

பணம் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கவனக்குறைவு என்ற சொல்தான் அவரைத் தின்றது. அன்று அவர் சாப்பிடவில்லை. அவரை அந்தச் சொல்லிலிருந்து காப்பாற்றத்தான் உங்களுக்குப் புகார் எழுதினேன். அதில் மினதி திருடி என்று நான் எங்கும் எழுதவில்லை. எடுத்துப் பாருங்கள். பகலில் வீட்டில் கார்டு இருந்தது, போன் இருந்தது, மினதி இருந்தாள் என்று எழுதியிருக்கிறேன். மூன்றும் உண்மை.

சப்தமி அன்று உங்கள் ஆட்கள் வந்தார்கள். வங்கி மூலம் கடைக்காரன் அனுப்பிய பொருள் பட்டியலில் பச்சைக் கரை டஸ்ஸர் என்று இருந்தது. மினதி அதைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பந்தலில் பேட்டையே கூடியிருந்தது. ரேபா அதே கடையின் நீலக் கரை டஸ்ஸரைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"ஆயா வேலை பாக்கறவளுக்கு ஏது இவ்வளவு நல்ல புடவை?" என்றாள்.

"தாதா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே குடுத்தீங்க" என்றாள் மினதி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புடவை கொடுத்ததை நான் மறுக்கவில்லை. "குடுத்தேன் மினதி. ஆனா நான் குடுத்தது சாதா நூல் புடவை. அதை எங்க வெச்சிருக்கியோ தேடிப் பாரு" என்றேன். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். இலவசமாக வந்த புடவை அது. அதற்கு யாருடைய பணமும் போகவில்லை என்பதை நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. அதற்குள் டாக் மேளம் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். அவள் என்னவோ சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினாள், யாருக்கும் கேட்கவில்லை.

மாஸ்டர்மஷாய் ஒத்துக்கொள்ளச் சிரமப்பட்டார். "அவ எடுத்திருக்க மாட்டா சுபிமல். என் பென்ஷனே அவ கையிலதான் இருந்துச்சு."

"பூஜை சமயத்துல நல்லவங்க மனசும் கொஞ்சம் மாறிடும் மாஸ்டர்மஷாய்" என்றேன். இதை நான் அனுபவத்தில் சொன்னேன்.

சொட்டு மருந்து விடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். அஷ்டமி போக் பிரசாதத்துக்கு வரிசையை நிறுத்த வேண்டும், சிலை விசர்ஜன லாரிக்கு அலைய வேண்டும். சில வேளைகள் தவறின. தசமியன்று இனிப்போடு போனபோது கண் நன்றாகச் சிவந்திருந்தது. லட்சுமி பூஜைக்குப் பிறகு டாக்டர் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார். மாஸ்டர்மஷாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா இன்னொண்ணும் போயிருக்கும்பா" என்றார். நோயாளியோடு வாதம் செய்வது நல்லதல்ல என்று விட்டுவிட்டேன்.

இப்போது உள்ளே வரும்போது மினதியின் கணவனைப் பார்த்தேன். ஒரு பையில் பொரி கட்டிக்கொண்டு உங்கள் கேட்டில் நிற்கிறான். காலையிலிருந்து நிற்கிறானாம். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கும்பிட்டான். "தாதா, பெரிய மனுசங்க நீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க" என்றான். நல்ல மனிதன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் இத்தனை நேரம் உங்களுடன் மனம் விட்டுப் பேசினேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கார்டை வைத்துக்கொண்டது நான். எண்ணைப் படித்தது நான். மினதிக்குப் புடவை கொடுத்தது நான், அது டஸ்ஸர்தான். கீழே கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், தேதியை அடுத்து வரும் காளி பூஜை முடிந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, அதில் செயலாளர் என்று என் பெயர் இருக்கிறது. ரேபாவின் அக்கா குடும்பத்தோடு வருகிறாள். இந்தச் சமயத்தில் வெளியே தெரிந்தால் என்னால் தலை காட்ட முடியாது.

மினதி அதுவரை உள்ளே இருக்க வேண்டுமே என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். தான் எதையும் எடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். எந்த ஜெயிலில் படுத்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். எனக்குத்தான் பெரியபாபு, அந்தக் கொடுப்பினை இல்லை.