அவள் வாங்காத அன்பளிப்பு

போன வாரம் பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“போனுல நீ எழுதற தொடர்கதையப் படிச்சவங்க பத்தும் இருபதுமா பணம் அனுப்பியிருக்காங்க. நீ ஏன் கண்ணு வாங்காம உட்டு வெச்சிருக்கறே?” என்றார் மாமியார்.

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “உங்களுக்கு ஆருங்கத்தை சொன்னது?”

“உன்ற போனுலதான் சேதி வந்துச்சு. இந்த மாசத்துக்குள்ள கேக்காட்டி, குடுத்தவங்களுக்கே திருப்பி அனுப்பிருவாங்களாமா.”

“போகட்டுமுங்க. புனைபேருக்குப் பணம் வராது, பேங்க் புஸ்தகத்தக் காட்டோணும். அது அவருகிட்ட இருக்குது. எதுக்குன்னு கேப்பாரு. அப்பறம் ஊட்டுல எல்லாரும் அந்தக் கதையப் படிப்பாங்க.”

“நான் படிச்சுட்டேன்.”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதுல மருமவளத் திட்டிக்கிட்டே, அவளுக்கு மட்டும் முறுகலா தோசை சுட்டு வெக்கற மாமியா நாந்தானே?”

“கோவிச்சுக்காதீங்கத்தை.”

“கோவமெல்லாம் இல்ல. என்னையுங்கூட ஒருத்தி இத்தன உத்துப் பாத்திருக்கறாளேன்னு இருந்துச்சு. நாளைக்கு நானும் பேங்குக்கு வாரேன். அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன். மொகந்தெரியாதவங்க ஆசையாக் குடுத்தத வேண்டாங்கக் கூடாது.”

மருமகள் மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டாள். பஸ் சித்தூரைத் தாண்டியது. பிறகு மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏங்கண்ணு, கடைசில அந்தக் கெழவியச் சாவடிச்சுர மாட்டியே?”