உலராத எண்ணெய்

கார் ஓய்ந்து, கூதிரும் கழிந்து, முன்பனி இறங்கும் நாட்களில் நிலம் நெடுமூச்சு விட்டு அடங்குகிறது. மரங்கள் உதிர்க்க வேண்டியதையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கின்றன. மழை நின்ற பின்னும் சேறு மட்டும் ஈரத்தை விடுவதில்லை. இறைவனை நினைக்க இதைவிட ஏற்ற பருவம் இல்லை. சேற்றில் சைக்கிள் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயங்களும் இப்போதுதான் நடக்கின்றன.

அதிகாரி ஐயா, பந்தயத்தில் நடந்த விபத்தைப் பற்றிய உங்கள் அறிக்கையைப் படித்தேன். முன் டயரின் விளிம்பில் எண்ணெய் கண்டதும், கழுவாத கையால் தொட்டிருக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். ‘மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்ற சொற்களை அடித்துவிடுங்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன். மன்னிப்பு எனக்குத் தேவையில்லை.

பதினெட்டு ஆண்டுகளாகச் சைக்கிள் சக்கரம் பூட்டுகிறேன். டியூப் இல்லாத டயர் பொருத்துவதில் என் கை ஒருநாளும் பிசகியதில்லை. ரிம்மின் உட்புறத்தைத் துடைத்து, கம்பித் துளைகள் மூடும்படி நாடாவை இழுத்து ஒட்ட வேண்டும். வால்வைப் பொருத்தி, டயரின் விளிம்பில் சோப்பு நீர் தடவி, காற்றை ஒரே மூச்சில் ஏற்றினால் விளிம்பு ‘டப்’ என்று ரிம்மில் ஏறி அமரும். பிறகு துளையடைக்கும் வெண்பாலை வால்வு வழியே ஊற்றிச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். சோப்பு நீர் விளிம்புக்கு வழிவிட்டுவிட்டு உலர்ந்துபோகும். ரப்பர் ரிம்மைக் கவ்விக்கொள்ளும். சேற்றில் பிடிப்பு வேண்டிக் காற்றைக் குறைத்து ஓட்டுபவனின் உயிர் அந்தக் கவ்வலில் இருக்கிறது.

ஓட்டியவன் என் தம்பி. குருவி என்பது நான் இட்ட பெயர். அவனுக்கு ஆறு வயதானபோது பெற்றோர் போய்ச் சேர்ந்தார்கள். பத்தொன்பது வயதில் நான் அவனுக்குத் தாயும் தந்தையும் ஆனேன். எனக்கென்று ஒரு குடும்பம் தேடவில்லை. வெளியூர் அணியொன்று அவனைக் கேட்டிருந்தது. இந்தப் பந்தயத்தில் முதல் மூவருள் வந்தால் அழைத்துக்கொள்வார்கள்.

முந்தின நாள் பிற்பகல், வழக்கம்போல் பதிகம் பாடிக்கொண்டே பட்டறையில் வேலை செய்தேன்.

“டயருக்கா அண்ணா தாலாட்டு? தூங்கிடப் போகுது.”

“அங்க போனா உனக்கு யாருடா டயர் போடுவா?”

“அவங்ககிட்ட ரெண்டு பேர் இருக்காங்க. பாட மாட்டாங்க. காதுக்கு நிம்மதி.” சிரித்து என் தோளில் சாய்ந்தான். “சும்மா சொன்னேன். நீ போட்ட டயர்னா கண்ணை மூடிட்டு எறங்குவேன். ஆனா போறேண்ணா. நானும் எத்தனை நாள் உன் முதுகுலயே உக்காந்திருக்கிறது?”

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பின் சக்கரத்துக்குச் சோப்பு நீர் தடவினேன். முன் சக்கரத்துக்குச் சங்கிலிக்கு இடும் எண்ணெய். விளிம்பு அழகாக அமர்ந்தது. விடியும்வரை ஒரு பவுண்டு காற்றும் இறங்கவில்லை. எண்ணெய் உலராது, ஐயா. நேராக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. வேகத்தில் சாய்த்துத் திருப்பும்போது விளிம்பு நழுவி, காற்று ஒரே ஏப்பமாக வெளியேறும். அத்தகைய திருப்பம் அந்தத் தடத்தில் ஒன்றுதான், இறக்கத்தின் அடியில், கல்சுவரை ஒட்டி. முந்தின வாரமே நடந்து அளந்து வைத்திருந்தேன். சுவருக்குப் பதினோரு அடி.

முதல் இரண்டு சுற்றுகளில் விளிம்பு சிறிது சிறிதாகத் தளர்ந்திருக்கும்; மூன்றாம் சுற்றில் அது நடந்தது. அப்போது அவன்தான் முதலில் வந்துகொண்டிருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

கொல்ல நினைக்கவில்லை, அது அளவு தெரியாதவன் செய்யும் வேலை. ஒரு கால் முறியும் என்று கணக்கிட்டேன். முறிந்தது முதுகெலும்பு. நான் கேட்டதைவிட மிகுதியாகவே அருள் கிடைத்தது.

இப்போது உள்ளறையில் கிடக்கிறான். நான் ஊட்டுகிறேன், துடைக்கிறேன், இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறேன். பதிகம் பாடினால் கேலி செய்வதில்லை. எல்லாம் ஒழுங்காகவே இருந்தது, நீங்கள் விசாரிக்க வந்த நாள்வரை. கதவுக்கு வெளியே நின்ற என் காதில் விழுந்தது:

“அண்ணன் கை தவறியிருக்கும் சார். பாவம், விட்டுடுங்க.”

தூக்கி வளர்த்த என்னைப் பார்த்து, படுத்துக் கிடப்பவன் பாவம் என்கிறான். என் கை தவறவில்லை. வேண்டுமென்றே செய்தேன், செய்ய நினைத்ததைச் செம்மையாகச் செய்தேன். இதை அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கையெழுத்து வாங்கியதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். நாலரைக்கு அவனைப் புரட்ட வேண்டும். வேறு யாருக்கும் அந்தப் பக்குவம் வராது.

இந்த வரிக்கு முன் பேனாவை வைத்துவிட்டு, உங்கள் சன்னலோரம் எழுந்து நின்று, கறை போகாத இரு கைகளையும் கூப்பி, பதிகத்தின் கடைசிப் பாட்டை வாய்க்குள் சொல்லி முடித்தேன்.

குருவி, நீ நெடுங்காலம் வாழ்க. கிடத்திய இடத்திலேயே வாழ்க.