நட்சத்திரத்துக்கு முன்னால ஓர் இடைவெளி

இல்ல சார், கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆவல. நீங்க அடிச்சத செஞ்சி முடிச்சிட்டுச்சி, அதான் சும்மா கெடக்குது. நம்ம பழைய ஓட்ட போட்ட கார்டு மெஷின்னா, தப்பு கார்டு போனா கடகடன்னு கத்தி நின்னுடும். நீங்களும் ஒரு தட்டு தட்டி எடுத்துடுவீங்க. இது கத்தாது. வேல முடிஞ்சிட்டா ஒரு வார்த்த பேசாது. நாலு நாளா இதத்தானே சொல்லிக்கினு இருக்கேன், தாமோதரன் சார். பதினெட்டு வருஷம் கார்டு செக்‌ஷனுக்குப் பெரியவரா இருந்துட்டு இப்ப எங்கிட்ட கத்துக்கறது கஷ்டந்தான்.

இன்னா அடிச்சீங்கன்னு பாக்கலாமா? பேப்பர்ல இருக்குது பாருங்க. ஆர், எம். அழின்னு அர்த்தம். அப்புறம் டெஸ்ட். டெஸ்ட்டுன்னு ஆரம்பிக்கிற ஃபைல மட்டும் அழிக்கணும்னா, அது பக்கத்துலயே ஒட்டி ஒரு நட்சத்திரம் போடணும்னு எழுதியே குடுத்தேன். நீங்க நடுவுல ஒரு எடம் வுட்டுட்டீங்க. கார்டுல பழகுன கை சார். ஒவ்வொரு விவரத்துக்கும் அப்புறம் ஒரு கட்டம் காலியா வுடணும்னு எங்க எல்லாருக்கும் கத்துக்குடுத்ததே நீங்கதானே.

இங்க நட்சத்திரம் தனியா நின்னா, எல்லா ஃபைலும்னு அர்த்தம்.

ஆமா, எல்லாமேதான். உங்க ஷிப்ட் புரோகிராமும் சேத்து. யாரு சுரங்கத்துல கீழ எறங்கணும், யாரு மேல வேல பாக்கணும்னு பிரிக்கிறது. நாளைக்கு பெங்களூர் ஆபீசருங்க முன்னால அத ஓட்டிக் காட்டுனாத்தான் இந்த நாற்காலி உங்களுக்கு. தெரியும் சார்.

நெஜமா அழிக்கவான்னு அது கேக்காது. கேக்கற பழக்கம் அதுக்கு இல்ல.

காப்பி எடுத்து வைக்கிற டேப்பு அடுத்த மாசந்தான் வருது. கார்டுலேர்ந்து திரும்ப ஏத்தறதா? கார்டுங்க ஏது சார்? ரூம காலி பண்ணச் சொல்லி போன வாரம் கையெழுத்து போட்டது நீங்கதானே. ஆண்டர்சன்பேட்டை பழைய பேப்பர் கடைக்காரரு வண்டியில ஏத்திக்கினு போனாரு. சனிக்கிழமையே கூழாக்க மில்லுக்கு அனுப்பிட்டாராம். நான் போயி கேட்டுட்டேன்.

தண்ணி குடிங்க.

பாத்தேன் சார். நீங்க எடம் வுட்டத பாத்துக்கினுதான் இருந்தேன். கண்ணாடிய கழட்டி, தொடச்சி, மாட்டிக்கினு, அப்புறந்தான் அந்த என்டர் சாவிய அமுக்குனீங்க. சொல்லணும்னா அவ்ளோ நேரம் இருந்தது.

ஒரு எடந்தானே சரோஜா, சொல்லக்கூடாதான்னு கேக்கறீங்க. நானும் அறுபத்தொம்பதுல இதே ரூம்ல ஒரு கார்ட உங்ககிட்ட நீட்டினேன். இவருக்கு மூச்சு சரியில்ல, மேல வேல குடுங்கன்னு டாக்டர் எழுதிட்டாரு. கார்டுல ஓட்ட ஒரு கட்டம் தள்ளி வுழுந்திருக்குது, இப்டியே போனா கீழ அனுப்பிடும், வேற கார்டு போடுங்கன்னேன். கார்ட மெஷின் எடுத்துக்கிச்சி இல்ல, அது தப்பு பண்ணாது, பி.எஸ்ஸி. படிச்சிட்டா எனக்கே பாடம் எடுப்பியான்னு கேட்டீங்க. செக்‌ஷனே சிரிச்சது. மெஷின் ஓட்டற ஹரோல்ட் மட்டுந்தான் சிரிக்கல.

ஞாபகம் இல்லியா? பரவால்ல. எத்தினியோ கார்டு.

அது ஒண்ண மட்டும், வண்டியில ஏத்தறதுக்கு முன்னால நான் எடுத்து வச்சிக்கினேன். பையிலதான் இருக்குது, இந்தாங்க. வெளிச்சத்துல புடிங்க, ஓட்ட நல்லாத் தெரியும். ஓரத்துல பேரு அச்சாயிருக்குது பாருங்க. சம்பங்கி, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம். எங்க வூட்டுக்காரரு. கீழ பாறை வெடிச்சி மூணாம் நாளுதான் ஒடம்ப கேஜ் லிப்ட்ல மேல கொண்டாந்தாங்க.

இல்ல, திருப்பிக் குடுக்காதீங்க. நீங்களே வச்சிக்கங்க. நாளைக்கு ஆபீசருங்க வந்தா, பதினெட்டு வருஷ வேலைன்னு காட்டறதுக்கு உங்ககிட்ட அது ஒண்ணுதான் மிச்சம்.